பழைய போஸ்டர் பாணியில் ஒரு விலங்கு விளம்பரம்: முதல் கிறுக்கலிலிருந்து அச்சு வரை

1949-இல் ரேமோன் சாவின்யாக் என்ற பிரெஞ்சு ஓவியர் ‘மோன்சவோன்’ சோப்புக்கு ஒரு போஸ்டர் வரைந்தார். ஒரு பசு. அதன் மடியிலிருந்து இறங்கும் பால் நேராக சோப்புக் கட்டிக்குள் போகிறது. படம் அவ்வளவுதான். பால் சேர்த்த சோப்பு இது என்று சொல்ல அதற்கு மேல் ஒரு விளக்கமும் வேண்டியிருக்கவில்லை. அதுவரை அதிகம் அறியப்படாமல் இருந்த சாவின்யாக், மோன்சவோன் பசுவின் மடியிலிருந்து 41 வயதில் பிறந்தவன் நான் என்று பின்னாளில் சொல்லிக்கொண்டார்.

அந்தப் பசு அழகுக்காக அங்கே நிற்கவில்லை. அதற்கு ஒரு வேலை இருக்கிறது. 1890 முதல் 1950 வரை ஐரோப்பியத் தெருச்சுவர்களில் ஒட்டிய விலங்கு போஸ்டர்களில் இன்றும் நினைவில் நிற்பவற்றைப் பார்த்தால், பெரும்பாலும் இதுதான் விஷயம். கல் அச்சின் சொரசொரப்பு, பழுப்பேறிய தாள், கையெழுத்துப் பாணி எல்லாம் பிறகு வருபவை. இன்று ‘விண்டேஜ்’ என்று செய்யப்படும் பல படங்களில் பழுப்புத் தாள் இருக்கும், விலங்குக்கு மட்டும் செய்ய ஒன்றும் இருக்காது. எனவே இந்த வழிகாட்டி வேலையிலிருந்து தொடங்குகிறது.

படிகளைத் தொடர்ந்து பார்க்க ஒரு உதாரணம் வேண்டும். நம் ஊர்ச் சரக்கையே எடுத்துக்கொள்வோம்: பனங்கருப்பட்டி. ஒரு சிறு உற்பத்தியாளர் போஸ்டர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: பழையதைப் பார்த்து, விலங்கின் வேலையை எழுதுங்கள்

வரைவதற்கு முன் நல்ல போஸ்டர்கள் சிலவற்றை அருங்காட்சியகங்களின் இணையத் தொகுப்புகளில் தேடி எடுங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரே வாக்கியம் எழுதுங்கள்: இந்த விலங்கு என்ன செய்கிறது?

தெயோஃபில் ஸ்டென்லன் 1894-இல் வரைந்த பால் விளம்பரத்திலிருந்து தொடங்கலாம். சிவப்பு உடுப்புப் போட்ட சிறுமி ஒரு கிண்ணத்தில் பால் குடிக்கிறாள். அவள் காலடியில் மூன்று பூனைகள் அண்ணாந்து காத்திருக்கின்றன. சிறுமி ஓவியரின் மகள் கொலெத். பூனைகளின் வேலை ஏங்குவது. பாலின் சுத்தத்தையும் சுவையையும் பற்றி நிறுவனம் பேசுவதைவிட, பாலைப் பற்றி நன்றாகத் தெரிந்த பூனைகள் பேசுவது மேல் என்று ஸ்டென்லன் கண்டுகொண்டார்.

அடுத்தது கின்னஸ் பீர். 1930-களில் பென்சன் என்ற விளம்பர நிறுவனத்துக்காக ஜான் கில்ராய் வரைந்த வரிசை அது. சர்க்கஸில் கடற்சிங்கம் மூக்கின் மேல் பொருளை நிறுத்துவதைப் பார்த்து, பந்துக்குப் பதில் கின்னஸ் கோப்பையை வைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. கடற்சிங்கம், நெருப்புக்கோழி, கங்காரு, சிங்கம் என்று மிருகக்காட்சிசாலையே காவலரின் பானத்தைப் பறித்துக்கொண்டு ஓடுகிறது. இங்கே வேலை திருடுவது. பின்னால் ஓடிவரும் காவலரின் முகத்தைத் தன் முகத்தையே வைத்து வரைந்தார் கில்ராய். நெருப்புக்கோழி படத்தில் கோப்பை அப்படியே கழுத்துக்குள் நிற்கும். வடிவம் தெரிகிறது, திருட்டும் தெரிகிறது. மிருகம் குடிக்கும் காட்சியே தேவைப்படவில்லை.

கிராமபோன் நாய் கேட்கிறது. அந்த நாயின் முன்னால் ஓவியர் பிரான்சிஸ் பாரோ முதலில் வரைந்தது, சிலிண்டர் போட்டு ஓடும் ஃபோனோகிராஃப். 1899-இல் கிராமபோன் நிறுவனம், கருவியை மட்டும் எங்களுடையதாக மாற்றிக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறோம் என்றது. அவரும் மேலே வண்ணம் பூசி மாற்றிக் கொடுத்தார். கருவி மாறியும் படம் கெடவில்லை. நாயின் சாய்ந்த தலைதான் அந்தப் படம்.

1896-இல் வந்த போவ்ரில் மாட்டிறைச்சிச் சாற்றின் விளம்பரத்தில் ஒரு காளை ஜாடியைப் பார்த்து, ஐயோ என் சகோதரனே என்று துக்கப்படுகிறது. அந்தக் காலத்தில் புகழ்பெற்ற படம். எனக்கு அது ஒப்பவில்லை. விலங்கின் சாவையே வேடிக்கையாக்கும் யோசனையை எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனாலும் காளைக்கு அங்கே ஒரு வேலை உண்டு என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

இப்படிப் பத்துப் பதினைந்து படங்களுக்கு எழுதிப் பார்த்தால் ஒரு வாய்பாடு கிடைக்கும்: ஏங்குகிறது, திருடுகிறது, கேட்கிறது, தருகிறது, சுமக்கிறது, ஓடுகிறது. எந்த வேலையும் எழுத முடியாத படங்களும் அகப்படும். அவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

படி 2: சரக்கின் ஒரே ஒரு குணம்

வாடிக்கையாளர் பத்துக் குணங்கள் சொல்வார். கருப்பட்டிக்காரரும் சொல்வார்: இரும்புச்சத்து, பாரம்பரியம், ரசாயனம் இல்லை, மணம், நிறம். ஒன்றை மட்டும் எடுங்கள். கருப்பட்டியில் சீனி கலப்படம் பெரிய கவலை. ஆகவே ‘இது உண்மையான பதநீரில் காய்ச்சியது’ என்பதே நம் குணம்.

இனி அந்தக் குணத்துக்குச் சாட்சி சொல்லக்கூடிய விலங்கு எது? முதலில் எறும்பு தோன்றும். உணவுப் பொருளின் மேல் எறும்பு ஊர்வதை எந்தக் கடைக்காரரும் விரும்ப மாட்டார், விட்டுவிடுவோம். கிளி, மயில் எல்லாம் அழகு. ஆனால் பனைக்கும் அவற்றுக்கும் தனி உறவு கிடையாது. மரநாய்க்கு உண்டு. இரவில் பனையேறிப் பாளையில் கட்டிய பானையில் வாய் வைக்கும் பிராணி அது. பனையேறிகளைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். அதன் வேலை திருடுவது. அது திருட வருகிறது என்றாலே உள்ளே இருப்பது நிஜமான சாறு. சாட்சி கிடைத்துவிட்டது.

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். விலங்கு சரியாக அமைந்துவிட்டால் பின்வரும் படிகள் பாதி தாமாக நடக்கும்.

இன்னொன்றும் இங்கேயே. விலங்குப் படங்கள் குழந்தைகளை இழுக்கும். 1988 முதல் 1997 வரை அமெரிக்காவில் ஒரு சிகரெட்டுக்கு ஒட்டகக் கேலிச்சித்திரம் ஓடியது. 1991-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆறு வயதுக் குழந்தைகள் அந்த ஒட்டகத்தை ஏறக்குறைய மிக்கி மவுஸ் அளவுக்கு அடையாளம் காண்கிறார்கள் என்று காட்டியது. மது, புகையிலை, சூதாட்டம் போன்றவற்றுக்கு விலங்கு வரையச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பழைய ஓவியர்கள் செய்தார்கள் என்பது நமக்குக் காரணம் ஆகாது.

படி 3: உயிருள்ளதைப் பார்த்து வரையுங்கள்

ஸ்டென்லனுடைய பூனைகள் உயிரோடு இருப்பதற்குக் காரணம், அவர் வாழ்நாள் முழுக்கப் பூனைகளோடு இருந்ததுதான். பாரிஸின் மோன்மார்த்ரில் அவர் வீட்டுக்கே பூனை வீடு என்று பொருள்படும் பெயர். தூங்கும் பூனை, சோம்பல் முறிக்கும் பூனை, பதுங்கும் பூனை என்று நோட்டுப் புத்தகங்களை நிரப்பினார். 1896-இல் ‘ஷா நுவார்’ (கறுப்புப் பூனை) கேளிக்கையரங்கின் சுற்றுப்பயணத்துக்கு அவர் வரைந்த கறுப்புப் பூனை போஸ்டரை இன்று குவளை, பை, சட்டை எதில் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஏறக்குறைய தட்டையான கறுப்பு உருவம்தான். ஆனால் முன்கால்கள் ஊன்றிய விதத்திலும் முதுகின் வளைவிலும் ஒரு பூனையின் எடை முழுக்க இருக்கிறது.

மரநாயை நேரில் பார்ப்பது கடினம். வீடியோக்களை நிறுத்தி நிறுத்தி வரையுங்கள். உடலமைப்பைப் பழக, தெருவில் கிடைக்கும் பூனையும் கீரியும் அணிலும் உதவும். புகைப்படத்தை ஒற்றி எடுக்க வேண்டாம். ஒற்றினால் வெளிக்கோடு வருமே தவிர எடை வராது. மூன்று இடங்களைக் குறிப்பாகக் கவனியுங்கள்: தோள்பட்டை எலும்பு முதுகுக்கு மேல் எழும் இடம், பின்னங்காலின் மடிப்பு, வால் உடம்பில் சேரும் இடம். நாலுகால் பிராணியின் பின்னங்காலில் ‘பின்புறமாக மடியும் முட்டி’ போலத் தெரிவது உண்மையில் குதிகால். இது பிடிபட்டுவிட்டால் எந்த விலங்கும் நிற்கும், ஓடும்.

முகத்துக்கு மனித உணர்ச்சி வேண்டுமானால் அளவோடு. பெஞ்சமின் ராபியேவின் சிரிக்கும் பசு நல்ல பாடம். முதல் உலகப் போரில் பிரெஞ்சு ராணுவத்தின் இறைச்சி வண்டிகளுக்குச் சின்னமாக அவர் ஒரு சிரிக்கும் பசுவை வரைந்திருந்தார். லெயோன் பெல் 1921-இல் பதிவு செய்த பாலாடைக்கட்டிக்கு அதே யோசனை பிறகு வந்து சேர்ந்தது. சிவப்பு நிறம், காதில் தொங்கும் டப்பாக்கள் என்று எல்லாம் கற்பனை. ஆனால் கொம்பும் மூக்கும் தாடையும் பசுவினுடையவை. சிரிப்பு வாயின் ஓரத்திலும் கண்ணிலும் மட்டும் இருக்கிறது.

படி 4: தீப்பெட்டி அளவில் நிழலுரு

இப்போது யோசனைகளைச் சின்னச் சின்னதாக, தீப்பெட்டி மேல் ஒட்டும் படம் அளவுக்கு, கறுப்பு மையால் மட்டும் வரையுங்கள். உள்விவரம் எதுவும் கூடாது, வெறும் நிழலுரு. குறைந்தது இருபது வரையுங்கள்.

தீப்பெட்டி அளவு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1922-இல் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த பிறகு சிவகாசியில் வளர்ந்த அச்சுத் தொழில், இந்தச் சின்னச் சதுரத்தில் புலியையும் சேவலையும் யானையையும் பேச வைத்தது. எழுத்துத் தெரியாதவரும் படத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள். ‘சீட்டா ஃபைட்’ தீப்பெட்டியில் மனிதனும் சிறுத்தையும் கட்டிப் புரள்வது அவ்வளவு சிறிய இடத்திலும் தெரிகிறது அல்லவா? இன்று உங்கள் போஸ்டரையும் பெரும்பாலோர் முதலில் போன் திரையில் அதே அளவில்தான் பார்ப்பார்கள்.

மரநாய்க்கு வருவோம். பானைக்குப் பின்னால் உடம்பு ஒளிந்தால் இரண்டும் ஒரே கறுப்புக் கட்டியாகிவிடும். பானையை இடப்பக்கம் தொங்கவிட்டு, உடம்பை வலப்பக்கம் பாளையின் மேல் நீட்டி, முன்கால்கள் மட்டும் பானை விளிம்பைத் தொடட்டும். வால் நீளமாக, கீழ்நோக்கி ஒரு வளைவாகத் தொங்கட்டும். வால்தான் அதை நாயிலிருந்தும் பூனையிலிருந்தும் பிரிக்கும். தலை? பக்கவாட்டில் வைத்தால் குடிப்பது தெரியும். நம்மைப் பார்த்துத் திரும்பினால் கையும் களவுமாகப் பிடிபட்டது தெரியும். இரண்டாவதை எடுக்கிறேன். இரண்டு கண்களும் கிடைக்கின்றன, அவை பின்னால் எழுத்துக்கு உதவும்.

விலங்கு இன்னதென்று தெரியாத யாரிடமாவது காட்டி, என்ன நடக்கிறது என்று கேளுங்கள். ‘ஏதோ பானையில் திருடுகிறது’ என்று வந்தால் போதும். பிராணியின் பெயர் பிறகு வரட்டும்.

படி 5: நிறம், கல்லின் கணக்கில்

பழைய போஸ்டரின் தோற்றம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ள, லித்தோ கல் எப்படி வேலை செய்தது என்று தெரிய வேண்டும். வழவழவென்று தேய்த்த சுண்ணாம்புக் கல்லின் மேல் கொழுப்புள்ள கிரேயானால் இடவலம் மாற்றி வரைவார்கள். பிசினும் அமிலமும் கலந்து தடவி, கல்லை நனைத்து, மை உருட்டினால் கொழுப்பு உள்ள இடம் மையைப் பிடிக்கும், ஈரமான இடம் தள்ளும். ஒரு நிறத்துக்கு ஒரு கல். தாள் ஒவ்வொரு கல்லின் மேலும் ஒரு முறை போய்வர வேண்டும். கல் கூடக்கூடச் செலவு கூடும். பிரெஞ்சு போஸ்டர் ஓவியர் ஜூல் ஷெரே போன்றவர்கள் மூன்று நான்கு கற்களிலேயே வானவில்லைக் காட்டப் பழகியது இதனால்தான். மஞ்சளின் மேல் நீலம் விழுந்தால் பச்சை, மஞ்சளும் சிவப்பும் சேர்ந்தால் ஆரஞ்சு, எதுவும் படாத இடத்தில் தாளின் நிறம்.

ஆகவே நமக்கும் மூன்று கல்: மஞ்சள், சிவப்பு, கறுப்பு. நான்காவதாகத் தாளின் வெண்பழுப்பு. கணினியில் வரைந்தாலும் மூன்று லேயர்களுக்கு மேல் திறக்காதீர்கள். ஒவ்வொன்றையும், மேல் நிறம் கீழ் நிறத்தோடு கலந்து தெரியும் ‘மல்டிப்ளை’ முறையில் வைத்து, ஒரு லேயரில் ஒரே நிறத்தை மட்டும் பயன்படுத்துங்கள்.

இங்கே கப்பியெல்லோவிடம் ஒரு துணிச்சலைக் கடன் வாங்குவோம். இத்தாலியில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த லெயோனெத்தோ கப்பியெல்லோ, 1903-இல் ‘க்ளாஸ்’ சாக்லேட்டுக்கு ஒரு சிவப்புக் குதிரையை வரைந்தார். மேலே பச்சை உடுப்பில் ஒரு பெண், பின்னணி முழுக் கறுப்பு. சாக்லேட்டே படத்தில் இல்லை. மக்கள் கடையில் சிவப்புக் குதிரைச் சாக்லேட் கேட்டு வாங்கினார்கள். 1910-இல் சின்ஸானோ என்ற மதுவுக்கு வரிக்குதிரையையும் சிவப்பாக்கினார். விலங்கின் இயற்கை நிறம் போஸ்டருக்குக் கட்டாயம் இல்லை. கூட்டத்தில் கண்ணை நிறுத்துகிற நிறம்தான் கட்டாயம்.

மரநாயின் நிஜ நிறம் சாம்பலும் பழுப்பும். இரவுப் பின்னணியில் அது காணாமல் போகும். எனவே:

- பின்னணி முழுக் கறுப்பு.
- உடம்பு ஆரஞ்சு, அதாவது மஞ்சளின் மேல் சிவப்பு. முதுகிலும் வாலிலும் கறுப்புக் கிரேயான் சொரசொரப்பு மட்டும்.
- கண்கள் வெறும் மஞ்சள். அந்த இரண்டு வட்டங்களிலும் சிவப்பு லேயரும் கறுப்பு லேயரும் ஓட்டையாக இருக்க வேண்டும்.
- பானை தாளின் நிறம், ஒரு பக்கத்தில் மட்டும் சிவப்புத் தூவல்.
- ஓலைகளுக்குத் தனி நிறம் கிடையாது. கறுப்பில் விட்ட கீற்றுகளே ஓலை.

ஓட்டை விடுவதுதான் முதலில் தலை சுற்ற வைக்கும். காகிதத்தில் மூன்று நிறங்களையும் தனித்தனி டிரேசிங் தாளில் கறுப்பாகவே வரைந்து ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள், பிடிபட்டுவிடும்.

படி 6: சொரசொரப்பு

சொரசொரப்புக்கு மலிவான வழி: கைத்தாள் அல்லது வாட்டர்கலர் தாளின் மேல் கறுப்பு மெழுகுக் கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்த்து, ஸ்கேன் செய்து அந்தந்த நிறத்தின் லேயரிலேயே சேர்ப்பது. தூவலுக்குப் பழைய பல்துலக்கியில் மை தொட்டு, விரலால் வருடித் தெளியுங்கள். கல் அச்சுக்காரர்களும் ஏறக்குறைய இதையே செய்தார்கள். விலங்கின் உடம்பு உருண்டு திரும்பும் இடங்களில் மட்டும் போடுங்கள். கிழிசல், மடிப்புக்கோடு, காப்பிக்கறை எதையும் சேர்க்காதீர்கள். அச்சான அன்று அந்தப் போஸ்டர்கள் புத்தம்புதிதாகப் பளிச்சென்றுதான் இருந்தன.

படி 7: எழுத்தை வரையுங்கள்

பழைய போஸ்டர்களில் எழுத்தும் பெரும்பாலும் படத்தைப் போலவே கையால் வரைந்தது. தயார் எழுத்துருவைக் கொண்டுவந்து ஒட்டினால் படமும் எழுத்தும் இரண்டு பேர் பேசுவதுபோல் ஆகிவிடும்.

தமிழில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும். நம் சொற்கள் நீளம், எழுத்துகள் அகலம், மேலே புள்ளியும் இகர விசிறியும், கீழே உகரக் கால்களும் போகும். ஆங்கிலப் போஸ்டரைப் போல வரிகளை நெருக்கி அடுக்கினால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் புள்ளியும் முட்டும். ஆகவே சரக்கின் பெயர் ஒரு வரி, அதற்கு மேல் வேண்டாம். கடைப்பெயரும் ஊரும் அடியில் சிறிதாக வரட்டும்.

‘கருப்பட்டி’ என்று எழுதிப் பாருங்கள். இரண்டு புள்ளிகள்: ப், ட். அவற்றை மரநாயின் கண்கள் அளவுக்கே, அதே மஞ்சளில் வட்டமாகப் போடுங்கள். எழுத்து தாளின் நிறத்தில் இருக்கட்டும். கறுப்புப் பின்னணியில் நான்கு மஞ்சள் வட்டங்கள், இரண்டு மேலே, இரண்டு கீழே. கண் படத்திலிருந்து பெயருக்குத் தானாக இறங்கும். ‘டி’யின் விசிறியை வாலின் வளைவோடு ஒத்துப்போகும்படி வளைக்கலாம். அதற்கு மேல் விளையாட வேண்டாம், படிக்க முடியாமல் போய்விடும்.

படி 8: தூரம், அச்சு

உண்மை அளவில் ஒரு நகல் எடுத்து வெளிச்சுவரில் ஒட்டி, தெருவின் எதிர்ப்பக்கம் போய்ப் பாருங்கள். பிரிட்டனில் வழக்கமான ‘டபுள் கிரவுன்’ தாள் சுமார் 51 × 76 செ.மீ. நமக்கு ஏ2 போதும். மூன்று நொடியில் விலங்கும், அதன் திருட்டும், பெயரும் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் எழுத்தைப் பெரிதாக்காதீர்கள். படத்தில் எதையாவது எடுங்கள். அதிகபட்ச அர்த்தம், குறைந்தபட்ச வழி என்பது பிரிட்டிஷ் போஸ்டர் ஓவியர் ஏப்ரம் கேம்ஸின் கொள்கை. 1976-இல் லண்டன் மிருகக்காட்சிசாலைக்கு வரைந்த போஸ்டரில் சுரங்க ரயில் சின்னத்தையே புலியாக்கிக் காட்டினார் அவர்.

அச்சுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் சிறந்தது. ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் என்பதால் உங்கள் மூன்று லேயர்களும் அப்படியே போகும். வெளிர் நிறம் முதலில்: மஞ்சள், சிவப்பு, கடைசியில் கறுப்பு. மஞ்சளும் சிவப்பும் கறுப்பின் ஓரத்துக்கு அடியில் ஒரு மில்லிமீட்டராவது நுழைந்திருக்கட்டும். ரிஜிஸ்டர், அதாவது நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் பொருந்துவது, சற்று விலகினாலும் வெள்ளைக் கோடு தெரியாது. மூலைகளில் ரிஜிஸ்டர் குறி போட மறக்காதீர்கள். மஞ்சளின் மேல் விழுந்த சிவப்பு ஆரஞ்சாகத் தெரிய, அச்சகத்தில் ஒளி ஊடுருவும் மை கேளுங்கள். ஒளி ஊடுருவாத மை போட்டால் மேலே விழுவது கீழே இருப்பதை மறைத்துவிடும்.

படி 9: உரிமை

இந்தியாவில் ஓவியத்தின் பதிப்புரிமை ஓவியர் இறந்த பிறகு 60 ஆண்டுகள் நீடிக்கும். ஸ்டென்லன் 1923-லும் கப்பியெல்லோ 1942-லும் இறந்துவிட்டார்கள். கில்ராய் 1985, சாவின்யாக் 2002, ஆகவே அவர்கள் படங்களைப் பார்த்துப் பழகலாம், அச்சிட்டு விற்க முடியாது. காலம் முடிந்த படங்களிலும் வணிகச் சின்னம் தனி விஷயம். கேட்கும் நாயும் சிரிக்கும் பசுவும் இன்றும் சின்னங்கள்தான். அவற்றை ஒத்த உருவத்தை இன்னொரு சரக்கின் மேல் போடாதீர்கள்.

உங்கள் மரநாய்க்கும் இது பொருந்தும். பணம் கொடுத்து வரையச் சொன்னவரே ஓவியத்தின் முதல் உரிமையாளர் என்று சட்டம் கொள்ள இடமுண்டு, வேறு ஒப்பந்தம் எழுதியிருந்தால் தவிர. எனவே முன்பணம் வாங்கும் நாளிலேயே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: எந்தச் சரக்குக்கு, எத்தனை ஆண்டு, போஸ்டருக்கு மட்டுமா அல்லது டப்பாவுக்கும் சேர்த்தா, மூல ஓவியமும் லேயர் கோப்புகளும் யாரிடம் இருக்கும், ஓவியத்தில் உங்கள் கையொப்பம் நிற்குமா. கடைசிக் கேள்விக்கு நிற்கும் என்றே எழுதுங்கள். ஸ்டென்லனும் கப்பியெல்லோவும் தங்கள் பெயரைக் கல்லிலேயே எழுதினார்கள், அதனால்தான் இன்று யார் வரைந்தது என்று நமக்குத் தெரிகிறது.